ஆல்ப்ஸில் சந்தடியற்ற பனிச்சறுக்கு ஊர்: குடும்பத்தோடு முதன்முறை போகிறவர்களுக்கு

பனிச்சறுக்கு ஊர்களின் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது கிலோமீட்டர் கணக்குதான். பிரான்ஸின் த்ருவா வாலேயில் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை. இத்தாலியின் டோலமைட் மலைகளில் ஒரே லிஃப்ட் பாஸில் 1,200 கிலோமீட்டர். முதன்முறை பலகையில் ஏறும் ஒரு குடும்பம் ஒரு வாரத்தில் இதில் எவ்வளவைத் தொடும்? குழந்தைகள் பழகும் சரிவு ஒன்று, வாரக் கடைசியில் தைரியம் வந்தால் இரண்டு எளிய பாதைகள். மிஞ்சிப்போனால் ஐந்து கிலோமீட்டர். மிச்சமுள்ள தூரத்துக்கும் சேர்த்துத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள். அந்தத் தூரத்துக்காக வந்து குவிகிற கூட்டத்தோடுதான் காலையில் வரிசையில் நிற்கிறீர்கள்.

அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓர் ஊரில் என்னென்ன இல்லை என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். கார் வருமா, சாலை அந்த ஊரைக் கடந்து வேறெங்காவது போகிறதா, பக்கத்துப் பெரிய சறுக்கு வலையமைப்போடு லிஃப்ட் இணைப்பு உண்டா, மாலை நான்கு மணிக்குமேல் இசை அலறும் மதுக்கூடம் உண்டா? இந்த நான்குக்கும் ‘இல்லை’ என்று பதில் வந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி நாள்காட்டியில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

1. முதலில் வாரம், பிறகுதான் ஊர்

பெரிய ஊரும் ஜனவரி நடுவில் ஓய்ந்து கிடக்கும். சின்னஞ்சிறு ஊரும் பிப்ரவரி நடுவில் மூச்சுத் திணறும். ஐரோப்பாவின் பள்ளி விடுமுறைகளே இதை முடிவு செய்கின்றன.

கிறிஸ்துமஸ் தொடங்கி ஜனவரி 6 வரை எங்கும் கூட்டம். ஜனவரி 6 மூவரசர் திருநாள். இத்தாலியிலும் ஆஸ்திரியாவிலும் அரசு விடுமுறை. ஆகவே புத்தாண்டுக்கு வந்தவர்கள் அதையும் சேர்த்து இருந்துவிட்டுத்தான் இறங்குவார்கள். அதன்பிறகு மலை சட்டென்று காலியாகிவிடும். இந்த அமைதி மாத இறுதிவரை நீடிக்கும். பிறகு பிப்ரவரி. பிரான்ஸ் தன் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் விடுமுறை தருகிறது. அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து நான்கு வாரம் நீளும். பாரிஸ் இருக்கும் மண்டலத்துக்கு விடுமுறை விடும் இரண்டு வாரங்கள்தான் பிரெஞ்சு மலைகளில் நெரிசல் மிகுந்தவை. மண்டலங்களின் வரிசை ஆண்டுதோறும் மாறுவதால் அந்தந்த ஆண்டின் அட்டவணையைப் பார்க்க வேண்டும். பிரிட்டனின் அரைப்பருவ விடுமுறை, நெதர்லாந்தின் வசந்த விடுமுறை, ஜெர்மானிய மாநிலங்களின் திருவிழா விடுமுறை, சுவிஸ் மாகாணங்கள் தனித்தனியே விடும் விளையாட்டு விடுமுறை எல்லாம் பிப்ரவரியை ஒட்டியே வருகின்றன.

ஆக, உங்களுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, ஜனவரி 8-ஐ ஒட்டித் தொடங்கி மாத இறுதிவரை. விலை குறைவு, பனி உறுதி. ஆனால் குளிர் கடுமை, காலையில் உறைநிலைக்குக் கீழே 10 டிகிரி சாதாரணம், வெளிச்சமும் குறைவு. இன்னொன்று மார்ச் இரண்டாம் மூன்றாம் வாரங்கள். நீண்ட பகல், முகத்தில் வெயில், குழந்தைகளுக்கு இதமான காற்று. பிற்பகலில் பனி இளகிக் கூழாகிவிடுவது ஒன்றுதான் குறை. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் நான் மார்ச் மாதத்தையே சொல்வேன். விரல் விறைத்து அழுத குழந்தையை மறுநாள் சரிவுக்குக் கூட்டிப்போவது எளிதன்று. ஈஸ்டர் எப்போது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 2027-இல் அது மார்ச் 28-ஆம் தேதியே வந்துவிடுகிறது, அந்த ஆண்டு மார்ச் கடைசி வாரம் அமைதியாக இருக்காது.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு நல்ல தற்செயல் உண்டு. அரையாண்டு விடுமுறை ஐரோப்பாவின் உச்சக் கூட்டத்தோடு மோதுகிறது. கோடை விடுமுறையில் பெரும்பாலான லிஃப்டுகள் ஓடுவதில்லை. பொங்கல் விடுமுறையோ அமைதியான ஜனவரி வாரங்களின் நடுவே வந்து விழுகிறது. அதோடு சில நாள் விடுப்பைச் சேர்த்தால் போதும்.

லண்டனிலோ பாரிஸிலோ இருந்து, பள்ளிப் பிள்ளைகளால் பிப்ரவரிக்குக் கட்டுப்பட்டவர்கள் இத்தாலிப் பக்கம் பார்க்கலாம். அங்கே பிப்ரவரியில் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் சில நாள் விடுப்புதான். எந்த மாதமானாலும் சனிக்கிழமையைத் தவிருங்கள். தங்குமிடங்கள் பெரும்பாலும் சனிக்கு சனி மாற்றப்படுவதால், பிரான்ஸின் ஆல்பர்வில்லிலிருந்து மூத்தியே நோக்கி ஏறும் சாலையில் அன்று கார்கள் ஊர்ந்து செல்லும். ஞாயிறுக்கு ஞாயிறு வாடகைக்குத் தருபவரைத் தேடிப் பிடித்தால் அந்தத் தொல்லை இல்லை.

2. சாலை முடிகிற இடத்தைத் தேடுங்கள்

ஆல்ப்ஸில் ஆரவாரத்துக்குப் பேர்போன ஊர் பலவற்றுக்கும் அடக்கமான ஒரு பங்காளி அருகிலேயே இருக்கிறது. ஆஸ்திரியாவின் பாஸ்நவுன் பள்ளத்தாக்கில் இஷ்கிள் இரவுக் கேளிக்கைகளால் புகழ்பெற்றது. அதே சாலையில் 10 கிலோமீட்டர் மேலே போனால் கால்டூர். இரவு உணவு முடிந்தால் ஊர் உறங்கிவிடும். ஓட்ஸ்டால் பள்ளத்தாக்கில் ஸோல்டன் பெருங்கூட்டம் கூடும் இடம். அதைத் தாண்டியதும் சாலை இரண்டாகப் பிரிந்து ஒன்று ஒபர்குர்கிளை நோக்கியும் மற்றது வென்ட் என்ற மலையேறிகளின் சிற்றூரை நோக்கியும் ஏறுகிறது. பிரான்ஸில் வால் திஸேருக்கும் பொன்வால்-சுர்-ஆர்க்குக்கும் நடுவே 2,764 மீட்டர் உயர இஸெரான் கணவாய். பனிக்காலம் முழுவதும் அது மூடியிருப்பதால், கோடையில் கடந்து போகும் வழியிலிருக்கும் பொன்வால் குளிர்காலத்தில் முட்டுச் சந்து ஆகிவிடுகிறது. சுவிட்சர்லாந்தில் பணக்கார வெர்பியேவுக்கு நேரெதிர்ச் சரிவில் ப்ருஸோன் அமர்ந்திருக்கிறது. பெரிய ஊரின் பெயரை வரைபடத்தில் போட்டு, சாலை எங்கே முடிகிறது என்று விரலால் தொடர்ந்து போங்கள். நல்ல ஊர்கள் பெரும்பாலும் அந்த நுனியில்தான் இருக்கும்.

முட்டுச் சந்துக்கு ஒரு விலையும் உண்டு. பெரும்பனி பொழிந்தால் பனிச்சரிவு அபாயத்தால் அந்த ஒற்றைச் சாலையை மூடிவிடுவார்கள். 1999 பிப்ரவரியில் கால்டூர் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டிருந்தது. அம்மாதம் 23-ஆம் தேதி பனிச்சரிவு ஊருக்குள்ளேயே புகுந்து 31 பேரைப் பலிகொண்டது. அதன்பின் அங்கே பெரிய தடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. அபாய முன்னறிவிப்பும் வலுப்பட்டிருக்கிறது. இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. ஊர் திரும்பும் விமானத்தை மலையிலிருந்து இறங்கும் அன்றே பதிவு செய்யாதீர்கள். கீழே நகரத்தில் ஓர் இரவை ஒதுக்கி வையுங்கள்.

கார் புகாத ஊர்கள் இன்னொரு வகை. சுவிட்சர்லாந்தில் இவை நிறைய: மியூரன், வெங்கன், பெட்மர்ஆல்ப், ரீடர்ஆல்ப், ஸ்டோஸ், பிராவுன்வால்ட், ஸாஸ்ஃபே. இங்கே போய்ச் சேரவே கேபிள் காரோ மலை ரயிலோ வேண்டும். ஸாஸ்ஃபேயில் மட்டும் சாலை ஊர் வாசல்வரை வந்து நின்றுவிடும். காரில்லாததால் அன்றாடச் சுற்றுலாக் கூட்டமும் குறைகிறது. குழந்தைகளுள்ள வீட்டுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது என்பது என் எண்ணம். தெருவில் உப்பு போட்டுப் பனியைக் கரைக்க மாட்டார்கள். பால் வாங்கக்கூட ஸ்லெட்டை, அதாவது பனியில் வழுக்கிச் செல்லும் சிறு வண்டியை, இழுத்துக்கொண்டு போகலாம். எட்டு வயதுப் பிள்ளையைத் தனியே அனுப்பப் பெற்றோர் அஞ்ச வேண்டியதில்லை.

3. சறுக்கு வரைபடத்தைப் படிக்கும் விதம்

ஒவ்வோர் ஊரும் தன் பாதைகளை வரைந்த படம் ஒன்றை வெளியிடும். அதில் பார்க்க வேண்டியவை சில.

ஊரின் உயரம். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறைகிறது. அண்மைக் காலக் குளிர்காலங்களில் 1,000 மீட்டரை ஒட்டிய ஊர்களில் புல் தெரிவது வழக்கமாகிவிட்டது. ஆஸ்திரியாவின் டிரோல் மாகாணத்திலுள்ள ஆல்ப்பாக் மரவீடுகளோடு கொள்ளை அழகு. ஆனால் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கிறது. மார்ச் மாதத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன். மறுபக்கம், ஐரோப்பாவின் மிக உயரமான சறுக்கு ஊரான வால் தொரான்ஸ் 2,300 மீட்டர். சமவெளியிலிருந்து நேராக அங்கே போய்ப் படுத்தால் தலைவலியும் தூக்கமின்மையும் பலருக்கு வரும். கைக்குழந்தையோடு போகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். 1,500 முதல் 2,000 மீட்டர் வரை குடும்பங்களுக்கு ஏற்ற பட்டை.

பாதைகளின் நிறம். பிரான்ஸில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடிக்கொண்டே போகும். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலியில் பெரும்பாலும் நீலத்தில்தான் தொடங்குகிறது. ஆகவே அங்கே பச்சைக் கோடு இல்லையே என்று கலங்க வேண்டாம்.

பழகுசரிவு எங்கே இருக்கிறது? புதியவர்களுக்கு இதுவே தலையாய கேள்வி. சில ஊர்களில் அது தங்குமிடங்களுக்கு நடுவிலேயே இருக்கும். சிலவற்றில் இரண்டு லிஃப்ட் மாறி மேலே போக வேண்டும். குழந்தைக்குக் கழிப்பறை போக வேண்டும் என்ற அந்த ஒரு கணத்தில் இந்த வேறுபாடு முழுமையாக விளங்கும். நின்றபடியே மேலே கொண்டுபோகும் நகரும் கம்பளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கயிற்று இழுவையைப் பிடிக்கத் தெரியாமல் விழுந்தே முதல் நாளைத் தொலைப்பவர்கள் உண்டு.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை: ஊருக்குத் திரும்பும் கடைசிப் பாதை என்ன நிறம்? மேலே எல்லாம் நீலமாக இருந்து, வீட்டுக்கு இறங்கும் வழி மட்டும் சிவப்பாக இருந்தால் மாலை நான்கு மணிக்குக் களைத்த கால்களோடு அதில் மாட்டிக்கொள்வீர்கள். அப்படியிருந்தால் லிஃப்டிலேயே கீழே இறங்க வழியுண்டா என்று கேட்டறியுங்கள்.

அமைதியை அளக்க ஒரு வழி சொல்கிறேன். ஊர்களின் நேரலைக் கேமராக்கள் பல, பழைய படங்களையும் சேமித்து வைக்கின்றன. நீங்கள் போக நினைக்கும் வாரத்தின் சென்ற ஆண்டுப் படத்தைக் காலை பத்து மணிக்கு எடுத்துப் பாருங்கள். லிஃப்ட் வாசலில் எத்தனை தலைகள், கீழே வாகன நிறுத்தத்தில் எத்தனை பேருந்துகள்? எந்த விளம்பர வாசகத்தையும்விட அந்தப் படத்தை நம்பலாம். ஊரின் நிகழ்ச்சி நிரலையும் ஒருமுறை பாருங்கள். ஜனவரி நடுவில் வெங்கனில் நடக்கும் லாபர்ஹார்ன் உலகக் கோப்பைப் போட்டிக்கு ஆயிரக்கணக்கானோர் திரள்வார்கள். மியூரனில் 1928 முதல் நடந்துவரும் இன்ஃபெர்னோ போட்டியும் ஜனவரியில்தான். இந்த நாள்களை விட்டுவிட்டால் இரண்டும் அருமையான ஊர்கள்.

4. ஓர் ஊரை வைத்துப் பார்ப்போம்: பெட்மர்ஆல்ப்

சுவிட்சர்லாந்தின் வாலே மாகாணத்தில், ரோன் பள்ளத்தாக்குக்கு மேலே ஏறக்குறைய 1,900 முதல் 2,200 மீட்டர் உயரத்தில், ஒரு நீண்ட திண்ணைபோல் அமைந்த மலைத்தளத்தில் மூன்று ஊர்கள் வரிசையாக இருக்கின்றன: ரீடர்ஆல்ப், பெட்மர்ஆல்ப், ஃபீஷர்ஆல்ப். மூன்றிலும் கார் கிடையாது. மூன்றுக்கும் பொதுவான சறுக்குப் பாதைகள் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். அருகிலுள்ள ஸெர்மாட்டோடு ஒப்பிட்டால் சிறியது. ஒரு குடும்பத்துக்கு வேண்டியதைவிட மிகப் பெரியது.

மேலே சொன்ன சோதனைகளை இதில் போட்டுப் பார்க்கலாம். பெட்மர்ஆல்பின் உயரம் ஏறக்குறைய 1,950 மீட்டர், சரியான பட்டையில் இருக்கிறது. தளம் தெற்கு நோக்கி இருப்பதால் ஜனவரியிலும் நல்ல வெயில். அதே காரணத்தால் மார்ச் பிற்பகல்களில் பனி விரைவில் இளகும். ஆகவே அங்கே மார்ச்சில் போகிறவர்கள் காலையில் சறுக்கிவிட்டு மதியத்துக்குப் பின் ஸ்லெட்டுக்கு மாறிவிடுவது நல்லது. பழகுசரிவு ஊரிலேயே இருக்கிறது. எளிய பாதைகள் தாராளம். தேர்ந்த சறுக்கர்களுக்கு இந்த இடம் சற்றுச் சப்பென்று இருக்கும். நமக்கு அதுவே சிபாரிசு, ஏனென்றால் வேகமாகப் பாய்கிறவர்கள் வேறெங்கோ போய்விடுகிறார்கள்.

போவது எளிது. சூரிக்கிலிருந்து விஸ்ப் வரை நேரடி ரயில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 2007-இல் திறக்கப்பட்ட 34.6 கிலோமீட்டர் லோட்ச்பெர்க் சுரங்கம் வழியாகப் போகும். அங்கே சிறு மலை ரயிலுக்கு மாறிப் பெட்மர்ஆல்பின் அடிவார நிலையத்தில் இறங்கினால் கேபிள் கார் அங்கேயே நிற்கும். சூரிக் விமான நிலையத்திலிருந்து மொத்தம் மூன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இறங்கியதும் பெட்டிகளை எடுத்துப்போக ஆள் வருவாரா என்று தங்குமிடத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சக்கரப் பெட்டியைப் பனியில் இழுப்பது உங்களுக்கு வேண்டாத உடற்பயிற்சி.

சறுக்காத நேரத்துக்கு மலைமுகட்டின் மறுபக்கம் இருக்கிறது. ஆல்ப்ஸின் மிக நீளமான பனியாறான அலெட்ச், 20 கிலோமீட்டர் அளவுக்கு வளைந்து கிடப்பதை மூஸ்ஃப்ளூ, பெட்மர்ஹார்ன், எகிஸ்ஹார்ன் ஆகிய முகடுகளிலிருந்து பார்க்கலாம். மூன்றுக்கும் லிஃப்ட் உண்டு. யுனெஸ்கோ இதை 2001-இல் உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஊரின் மேட்டில் 1697-இல் கட்டிய ஒரு சிற்றாலயம் தனியே நிற்கிறது. தூத்துக்குடியில் தங்கத்தேர் காணும் பனிமய மாதாவேதான் இங்கும் எழுந்தருளியிருக்கிறாள். இங்கே அவளைச் சுற்றி உண்மையிலேயே பனி.

5. வேறு சில ஊர்கள், சுருக்கமாக

மியூரன், 1,600 மீட்டருக்குச் சற்று மேலே. ஐகர், மோன்க், யுங்ஃப்ராவ் சிகரங்கள் மூன்றும் எதிரே நிற்கும். கண்ணுக்கு இதைவிட விருந்து வேறில்லை. சரிவுகள் சற்றுச் செங்குத்து. குடும்பத்தில் பாதிப் பேர் சறுக்கப்போவதில்லை என்றால் இதைச் சொல்வேன்.

ஒபர்குர்கிள், 1,930 மீட்டர். பனி உறுதி வேண்டுமென்றால் முதலிடம். விலை கூடுதல், ஓட்டல்களே அதிகம்.

பொன்வால்-சுர்-ஆர்க், 1,800 மீட்டர். கல்வீடுகள், கல்கூரைகள், சில லிஃப்டுகள், அவ்வளவுதான். மூன்றாம் நாள் சலித்துப்போகும் பதின்வயதுப் பிள்ளைகளை இங்கே கூட்டிவராதீர்கள்.

கோன்யே, இத்தாலி. அந்நாட்டின் முதல் தேசியப் பூங்காவான கிரான் பாரடீஸோவின் ஓரத்தில் இருக்கிறது. மலையிறங்கும் சறுக்கைவிட, தட்டையான பாதையில் நடந்து தள்ளும் சறுக்குக்கே பேர்போனது. அச்சமுள்ளவர்களுக்கும் நடுவயதில் தொடங்குகிறவர்களுக்கும் அது எளிது, செலவும் குறைவு.

டிரோலின் செர்ஃபாஸைப் பலர் சிபாரிசு செய்வார்கள். குழந்தைகளுக்கான ஏற்பாடுகளில் அதை மிஞ்ச ஆளில்லை. தெருவில் காரைக் குறைக்க 1985 முதல் ஊருக்கடியில் ஒரு சிறு சுரங்க ரயில்கூட ஓடுகிறது. அமைதியான ஊர் என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். அங்கே எல்லாக் குடும்பங்களும் போகின்றன.

6. சறுக்காதவர்களையும் கணக்கில் எடுங்கள்

தாத்தா, பாட்டி, கர்ப்பிணி, கைக்குழந்தையோடு இருப்பவர், இரண்டாம் நாளே ‘எனக்கு இது வேண்டாம்’ என்று முடிவு செய்துவிடும் ஒருவர் என்று எல்லாக் குடும்பத்திலும் யாராவது இருப்பார்கள். அவர்களுக்காகச் சமன்படுத்திய குளிர்கால நடைபாதை, நடந்து வருகிறவர்களுக்கு லிஃப்டில் தனி டிக்கெட், மேலே வெயிலில் உட்கார ஓர் உணவகம் ஆகிய மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லெட் பாதை இருந்தால் இன்னும் நல்லது. ஃபீஷர்ஆல்பிலிருந்து லாக்ஸ் வரை இறங்கும் ஸ்லெட் பாதை 13 கிலோமீட்டர். சறுக்கத் தெரியாத பெரியவர்கள் குழந்தைகளைவிட அதிகமாகக் கூச்சலிடுவது அதில்தான்.

7. சறுக்குப் பள்ளியை ஊரோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்

குழு வகுப்புகள் பெரும்பாலும் ஞாயிறு அல்லது திங்களன்று தொடங்கி ஐந்து நாள் நடக்கும். புதன்கிழமை வந்து சேர்ந்தால் உங்கள் நிலைக்கேற்ற குழுவில் இடம் கிடைப்பது அரிது. தனி ஆசிரியருக்குப் பன்மடங்கு கொடுக்க நேரும். தங்குமிடம் பதிவு செய்வதற்கு முன் வகுப்புத் தேதியை உறுதி செய்வதே சரியான வரிசை. அமைதியான சிற்றூர்களில் ஆசிரியர்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் ஆங்கிலத்தில் குழந்தைகள் குழு உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிரான்ஸில் வளர்கிற பிள்ளைக்கு பிரெஞ்சு மொழிக் குழுவே மேல். ஜெர்மன் மட்டும் பேசும் குழுவில் நான்கு வயதுத் தமிழ்க் குழந்தையை விடுவது கொடுமை.

மூன்று நான்கு வயதினருக்குப் பனிப் பாலர் வகுப்பு உண்டு. உண்மையில் சறுக்கக் கற்பது நான்கைந்து வயதில்தான். அந்த வயதுக்கு அரைநாள் போதும். முழுநாள் போட்டால் மதியத்துக்குப்பின் தூங்கிவழியும். பெரியவர்களும் வகுப்பில் சேருங்கள். நண்பரோ கணவரோ கற்றுத்தருவதில் மிஞ்சுவது சண்டைதான்.

முதல் நாளே ஒரு வாரத்துக்கு முழு லிஃப்ட் பாஸ் வாங்காதீர்கள். பழகுசரிவுக்கு மட்டும் மலிவான டிக்கெட் பல ஊர்களில் கிடைக்கும். சிலவற்றில் அந்தச் சரிவு இலவசம். ஐந்து அல்லது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை.

8. அறையும் அடுக்களையும்

ஓட்டலா, அடுக்களையுள்ள வீடா? சைவ உணவுக்காரர்களுக்கு நான் தயங்காமல் வீட்டையே சொல்வேன். மலை உணவகங்களில் சைவம் என்றால் பாலாடைக்கட்டி, உருளைக்கிழங்கு, மாவு ஆகிய மூன்றின் சுழற்சிதான். துருவிய உருளைக்கிழங்கை வறுத்துச் செய்யும் ரோஸ்டி நன்றாகவே இருக்கும், ஆனால் பன்றி இறைச்சித் துண்டுகள் இல்லாமல் கேட்டு வாங்க வேண்டும். பார்லி சூப்பிலும் அது கிடக்கலாம். உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபோண்டுவில் வெள்ளை ஒயின் ஊற்றுவது மரபு. குழந்தைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். இத்தாலியப் பக்கம் மட்டும் விதிவிலக்கு: பாஸ்தாவும் பொலெண்டா என்ற சோளமாவுக் களியும் காய்கறியும் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும்.

வீடு எடுத்தால் ஒரு சமையல் இயற்பியலையும் கவனியுங்கள். 1,950 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக நெடுநேரம் பிடிக்கும். சோறும் நடுவில் கடிபடும். சிறு பிரஷர் குக்கர் எடுத்துப்போவது வீண் சுமையல்ல. ஆனால் பல வீடுகளில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது, இண்டக்‌ஷனுக்கேற்ற அடிப்பாகமுள்ள எஃகுக் குக்கர்தான் வேண்டும். அரிசி, பருப்பு, மசாலாவைச் சென்னையிலிருந்து சுமக்கத் தேவையில்லை. சூரிக், பெர்ன், பாசல் நகரங்களில் ஈழத்தமிழர் கடைகளில் எல்லாம் கிடைக்கும். மலையேறும் முன் வாங்கிவிடுங்கள், மேலே உள்ள மளிகைக் கடையில் விலை கூடுதல். தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள். முழுக்க மரத்தாலான வீட்டில் மிளகாய் நெடி எளிதில் போகாது.

இணையத்தில் காட்டும் வாடகையில் இறுதித் துப்புரவுக் கட்டணம், தலைக்கு நாளொன்றுக்கான சுற்றுலா வரி, சில இடங்களில் படுக்கை விரிப்புக்கான கட்டணம் ஆகியவை சேர்ந்திருக்காது. மூன்றையும் கூட்டிய பிறகே இரண்டு வீடுகளை ஒப்பிடுங்கள். இரவு பத்துக்குமேல் சத்தம் கூடாது என்பதை அங்கே கண்டிப்பாகக் கடைப்பிடிப்பார்கள். அமைதி தேடி வந்தவர்கள் அதைக் குலைப்பவர்களாகவும் இருக்கக் கூடாது.

9. விசா, காப்பீடு

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஆல்ப்ஸ் நாடுகள் அனைத்துக்கும் ஒன்றே போதும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும். குளிர்காலப் பயணத்துக்கு நவம்பரில் ஓடுவதைவிட செப்டம்பரிலேயே முடித்துவிடுவது மேல்.

விசாவுக்காக எடுக்கும் 30,000 யூரோ காப்பீடு பலவற்றில் பனிச்சறுக்கு சேராது என்று சிறிய எழுத்தில் இருக்கும். ‘குளிர்கால விளையாட்டு’ என்ற கூடுதல் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். சரிவிலிருந்து மீட்பு, ஹெலிகாப்டர், பிறர்மேல் மோதினால் இழப்பீடு ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். பிரான்ஸில் லிஃப்ட் டிக்கெட்டோடு அன்றாடக் காப்பீடும் விற்பார்கள். இத்தாலியில் இழப்பீட்டுக் காப்பீடு சட்டப்படி கட்டாயம், ஹெல்மெட்டும் அப்படியே. மற்ற நாடுகளிலும் ஹெல்மெட் இல்லாமல் யாரையும் சரிவில் விடாதீர்கள். அவசரத்துக்கு எந்த நாட்டிலும் 112. பாதையோரக் கம்பங்களில் பாதையின் பெயரோ எண்ணோ இருக்கும். உதவி கேட்கும்போது அதைப் படித்துச் சொன்னால் மீட்பர்கள் நேராக வந்துவிடுவார்கள்.

10. உடையும் கருவியும்

பலகை, பூட்ஸ், ஹெல்மெட் மூன்றையும் ஊரிலேயே வாடகைக்கு எடுங்கள். இணையத்தில் முன்பதிவு செய்தால் விலை குறையும். பூட்ஸில்தான் எல்லாம் இருக்கிறது. அளவு சென்டிமீட்டரில் சொல்வார்கள். ஒரே ஒரு மெல்லிய நீண்ட காலுறை போட்டு அளவு பாருங்கள். குளிருக்கென்று இரண்டு போட்டால் இரத்த ஓட்டம் தடைபட்டுக் கால் இன்னும் விறைக்கும். பருத்தி உள்ளாடை வியர்வையில் நனைந்து குளிரும். கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. நீர்புகாத கையுறை குழந்தைக்கு இரண்டு ஜோடி. வெயில் களிம்பு கட்டாயம். மாநிறத் தோலுக்கு எதற்கு என்று நினைத்தால் பனியில் பட்டெதிரொளிக்கும் வெயில் மூக்கை உரித்துவிடும்.

வந்திறங்கிய அன்று மாலையே கடைக்குப் போய்க் கருவிகளை வாடகைக்கு எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, வகுப்புத் தொடங்கும் நேரத்தில்தான் எல்லோரும் அங்கே நிற்பார்கள். கடைசி நாளிலும் அப்படியே. புறப்படும் காலைவரை வைத்திருக்காமல் முந்தின மாலை லிஃப்ட் நின்றதும் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாளைய முதல் கேபிள் கார் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு வாருங்கள்.